அறுபதா, அறுபத்தைந்தா, எழுபதா? ஓய்வு வயது என்று எதைச் சொல்கிறோம்

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் விடியப்புறம் கரைவலை இழுப்பவர்களில் என் மாமாவும் ஒருவர். இடுப்பில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, கயிற்றை முதுகுக்குக் கொடுத்து, மணலில் குதிகாலை ஊன்றி ஊன்றிப் பின்னால் நடப்பார். வலை கரையேற இரண்டு மணித்தியாலமாவது பிடிக்கும். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் ரேகை தெரியாது. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்த புதிதில் வங்கியில் கைநாட்டு வைக்கப் போனபோது, மையில் விரல் பதியவில்லை என்று மூன்று தரம் திருப்பித் திருப்பி வைக்கச் சொன்னார்கள்.

போன மாதம் வீட்டுத் திண்ணையில் இருந்து வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தவர் கேட்டார்: "என்ன மருமகன், பென்சன் வயச அறுவத்தஞ்சாக்கிறதப் பத்தி எல்லா நாட்டிலயும் சண்டை புடிக்கிறாங்களாம். எனக்குப் பென்சனே இல்ல. அப்ப எனக்கு எத்தன வயசு?"

அந்தக் கேள்விக்கு ஒரே வசனத்தில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவருக்கு அன்றைக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வு வயது என்று ஒரே ஒரு வயது நம் இலங்கையில் கிடையாது. அரச உத்தியோகத்தருக்குக் கட்டாய ஓய்வு 60இல். விரும்பினால் 55இலேயே போகலாம். தனியார் துறையில் வேலை செய்பவருக்கு 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி ஆகக் குறைந்த ஓய்வு வயது 60. ஆனால் அது 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்குத்தான் பொருந்தும். கல்முனை பஸாரில் எட்டுப் பேர் வேலை செய்யும் புடைவைக்கடைக்கு அந்தச் சட்டம் எட்டாது. ஊழியர் சேமலாப நிதியை, அதாவது எல்லாரும் ஈ.பி.எப் என்று சொல்வதை, ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுக்கலாம். முதியோர் உரிமைச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், 60 வயதானவரை முதியோர் என்கிறது. முதியோர் அடையாள அட்டையும் அந்த வயதில் கிடைக்கும். ஆனால் வறிய குடும்பத்து முதியவருக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதாந்த முதியோர் கொடுப்பனவு 70இல்தான் தொடங்குகிறது.

50, 55, 60, 70. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு நான்கு வயதுகள். "வயதை உயர்த்தலாமா" என்று யாராவது கேட்டால், இதில் எந்த வயதை என்று திருப்பிக் கேட்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அது யாருடைய காசு?

காசு விஷயத்தை வட்டையை, அதாவது வயலை, வைத்தே சொல்லிவிடலாம். ஒரு வீட்டில் ஒவ்வொரு போகத்திலும் கொஞ்சம் நெல்லைப் பட்டறையில், அதாவது நெல் சேமிக்கும் களஞ்சியத்தில், கொட்டிச் சேர்க்கிறார்கள். வயதான காலத்தில் அதைத் திறந்து உண்கிறார்கள். ஈ.பி.எப் அப்படி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். அது உங்கள் பட்டறை. இன்னொரு வீட்டில் பட்டறையே இல்லை. பிள்ளைகள் இந்தப் போகத்தில் விளைந்ததில் இருந்து பெற்றோருக்கு ஒரு பங்கு அளந்து கொடுக்கிறார்கள். நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பிள்ளைகள் அளப்பார்கள். அரச ஓய்வூதியம் இந்த இரண்டாவது வகை. உத்தியோகத்தர் தன் ஓய்வூதியத்துக்கென்று எதுவும் சேமிப்பதில்லை. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்குத்தான் சம்பளத்தில் கழிக்கிறார்கள். ஓய்வூதியம் அந்தந்த ஆண்டு வரியில் இருந்து, திறைசேரியில் இருந்து வருகிறது.

பட்டறை வீட்டில் வயதை உயர்த்தினால் அரசாங்கத்துக்கு ஒரு சதமும் மிச்சமில்லை. உங்கள் நெல்லை நீங்கள் திறக்கும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அளந்து கொடுக்கும் வீட்டில்தான் சண்டை வருகிறது. விளைவிக்கும் கைகள் குறைந்து, உண்ணும் வாய்கள் கூடினால் அளவு எப்படிக் கட்டுப்படியாகும்?

இலங்கையில் அது நடந்துகொண்டிருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் 60 வயதும் அதற்கு மேலும் இருந்தவர்கள் 12.4 வீதம். 2024 மதிப்பீட்டில் 65ஐத் தாண்டியவர்கள் மட்டுமே அந்த அளவுக்கு வந்துவிட்டார்கள். பிறப்பு குறைகிறது. இளையோர் வெளிநாடு போகிறார்கள். அரச ஓய்வூதியம் பெறுவோர் ஏறத்தாழ ஏழு இலட்சம். அவர்களுக்காக ஆண்டுக்கு 300 பில்லியன் ரூபாய்க்கு மேல் போகிறது. வயதை உயர்த்த வேண்டும் என்பவர்கள் சும்மா சொல்லவில்லை. அவர்கள் காட்டும் கணக்கு உண்மையான கணக்கு.

வெளிநாட்டிலும் இதே கணக்குத்தான். 1889இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது வைத்த வயது 70. 1916இல்தான் 65க்கு இறக்கினார்கள். அமெரிக்காவில் 1983இல் சட்டம் இயற்றி 65ஐ 67 ஆக்கினார்கள். ஆனால் ஒரே நாளில் இல்லை, ஒவ்வொரு பிறந்த ஆண்டுக்கும் சில மாதங்களாகக் கூட்டிக் கூட்டி. 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் முழுதாக 67. பொறுக்க முடியாதவர் 62இலேயே எடுக்கலாம், ஆனால் மாதத் தொகை 30 வீதம் வரை குறைந்துவிடும், வாழ்நாள் முழுக்க. பிரான்ஸில் 2023இல் 62ஐ 64 ஆக்கியபோது நாடே தெருவில் நின்றது.

ஆனால் அந்த நாடுகளின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பிழையாகிப்போகும். அமெரிக்காவில் ஒருவர் தச்சுப் பட்டறையிலோ கடையிலோ வேலை செய்கிறார். சம்பளம் முதலாளி கொடுக்கிறார், ஓய்வூதியம் அரசாங்கம் கொடுக்கிறது. அவர் இரண்டு வருடம் கூடுதலாக வேலை செய்தால் அரசாங்கத்துக்கு நேரடியாக மிச்சம். இங்கே அரச உத்தியோகத்தருக்குச் சம்பளம் கொடுப்பதும் திறைசேரி, ஓய்வூதியம் கொடுப்பதும் அதே திறைசேரி. இது புரியாததால்தான் நம் ஊரில் இந்த விவாதம் தலைகீழாகப் போகிறது.

விளங்குவதற்காக நானே சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். 60 வயது முகாமைத்துவ உத்தியோகத்தர் ஒருவர், மாதச் சம்பளம் 70,000. ஓய்வு பெற்றால் ஓய்வூதியம் 50,000. அவருடைய கதிரைக்குப் புதிதாக ஒருவரை எடுத்தால் சம்பளம் 45,000. அவரை 65 வரை வைத்திருந்தால் திறைசேரிக்கு மாதம் 70,000 செலவு. 60இல் அனுப்பி, புதியவரையும் எடுத்தால் 50,000உம் 45,000உம், ஆக 95,000. 60இல் அனுப்பி, கதிரையைக் காலியாக விட்டால் 50,000 மட்டும். இதோடு இன்னொன்று: ஓய்வு பெறும்போது ஏறத்தாழ 24 மாத ஓய்வூதியத்தை முற்பணமாக ஒரே தொகையாகக் கொடுத்து, பிறகு பத்து வருடம் மாதாமாதம் கழிப்பார்கள். நம் கணக்கில் அது 12 இலட்சம், ஒரே கையில்.

எது மிச்சம் என்பது வயதில் இல்லை, கதிரை நிரம்புமா காலியாக இருக்குமா என்பதில் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்ததைப் பாருங்கள். 2021 நவம்பரில் சமர்ப்பித்த 2022 வரவு செலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக்கினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் பல்லாயிரம் பட்டதாரிகளைச் சேர்த்திருந்தார்கள். கையில் காசு இல்லை. மூத்தவர்களுக்கு ஓய்வு கொடுத்தால் பெருந்தொகை உடனே வேண்டும். எனவே ஓய்வைத் தள்ளிப்போட்டார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானது. அந்த ஓகஸ்ட் இறுதியில் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தை வாசித்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 65ஐ மறுபடியும் 60 ஆக்கினார். இப்போது நோக்கம் சம்பளப் பட்டியலைச் சுருக்குவது. 2022 டிசெம்பர் 31ஆம் திகதி 60ஐத் தாண்டிய பல்லாயிரம் பேர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். விசேட வைத்திய நிபுணர்கள் நீதிமன்றம் போனார்கள்.

ஒரு வருடத்துக்குள் மேலே ஐந்து வருடம், கீழே ஐந்து வருடம். அதிகாரத்தில் இருந்தவர்கள் மாறினார்கள், ஆனால் இரண்டு தரமும் முடிவு செய்தது திறைசேரியின் அந்த ஆண்டு முடைதான். மனிதருடைய உடலும் வாழ்நாளும் இரண்டு கணக்கிலும் இல்லை. 65 என்று நம்பி வீட்டுக் கடனை ஐந்து வருடம் நீட்டியவர்களும், மகளின் கலியாணத்தைத் தள்ளிப்போட்டவர்களும் நம் பக்கத்தில் எத்தனை பேர். ஓய்வு வயது என்பது ஒரு மனிதர் இருபது வருடத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அமெரிக்கா மாதக்கணக்கில் கூட்டியதன் நியாயம் இதுதான்.

இளைஞருக்கு வேலை கிடைக்கவில்லை, கிழடுகள் கதிரையை விடுகிறார்கள் இல்லை என்ற பேச்சு மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கும். கோபத்தில் நியாயம் உண்டு. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை ஊர் மறக்கவில்லை. ஆனால் 2022இல் மூத்தவர்கள் போன பிறகு அந்தக் கதிரைகள் உடனே இளையோருக்குக் கிடைத்தனவா? ஆட்சேர்ப்பு முடங்கிக் கிடந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பாடசாலைகளுக்கு ஆசிரியர் இல்லாத குறை அதற்கு முன்னரும் இருந்தது, பிறகும் இருந்தது. ஒருவர் எழும்பினால் இன்னொருவர் இருப்பார் என்பது தானாக நடக்காது. அதற்குத் தனியாக ஒரு முடிவு வேண்டும், தனியாகக் காசு வேண்டும்.

உயர்த்துவதற்கு ஆதரவான ஒரு நியாயம் நம் பகுதிக்கே உரியது. கொழும்பில் இருந்து பேசுபவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் யுத்த காலத்தில் தொண்டர் ஆசிரியராகப் பல வருடம் படிப்பித்தார். சம்பளமென்று சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோர் சேர்த்துக் கொடுத்ததுதான். நிரந்தர நியமனம் கையில் கிடைத்தபோது அவருக்கு 46 வயது. 60இல் அவருக்குச் சேவைக் காலம் 14 வருடம். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடம் வேண்டும், அது இருக்கிறது. ஆனால் சேவை ஆண்டு குறையக் குறைய ஓய்வூதிய வீதமும் குறையும். 25 வயதில் நியமனம் பெற்ற தெற்கு ஆசிரியையோடு அவர் ஒரே நாளில் ஓய்வு பெற்றாலும் கையில் வருவது வேறு. "எனக்கு இன்னும் அஞ்சு வருசம் தாங்க, நான் நிண்டு படிப்பிக்கிறன்" என்று அவர் கேட்பதை நான் பேராசை என்று சொல்லமாட்டேன். யுத்தம் எடுத்துக்கொண்ட வருடங்களைத்தான் அவர் கேட்கிறார். விரும்புபவர் தொடரலாம், விரும்பாதவர் போகலாம் என்ற ஏற்பாடு இருந்தால் இப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய உதவி.

இனி எதிர்ப்பக்கம். இங்கே ஒரு சொல்லை நிதானமாகப் பார்க்க வேண்டும்: சராசரி ஆயுள். இலங்கையில் அது ஏறத்தாழ 77 என்பார்கள், பெண்களுக்குக் கூடுதல், ஆண்களுக்குக் குறைவு. அப்படியானால் 65இல் ஓய்வு பெற்றவர் 12 வருடம் பென்சன் எடுப்பார் என்று கணக்குப் போடாதீர்கள். சராசரி ஆயுள் பிறந்த நாளில் இருந்து எண்ணுவது, பிள்ளையாய் இறந்தவரும் இளமையில் இறந்தவரும் அதற்குள் அடக்கம். 60ஐக் கடந்தவர் பொதுவாக 77ஐத் தாண்டியே வாழ்வார். இது உயர்த்தச் சொல்பவர்களுக்குச் சாதகமான உண்மை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஆனால் சராசரி என்பது எல்லாரையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டுவது. மின்விசிறிக்குக் கீழே கோப்பு எழுதியவரின் 62ஆம் வயதும், வெயிலில் வெள்ளாமை வெட்டியவரின் 62ஆம் வயதும் ஒன்றில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் அறுவடைக் காலத்தில் போய்ப் பாருங்கள். இப்போது இயந்திரம் வந்துவிட்டது, ஆனால் இயந்திரம் இறங்க முடியாத சேற்று வட்டையில் இன்னும் குனிந்துதான் வெட்டுகிறார்கள். ஐம்பதில் முதுகு வளைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உலகம் முழுக்க ஏழைகள் முந்தியே இறக்கிறார்கள். 60ஐ இரண்டு வருடம் தள்ளினால் 85 வரை வாழப் போகிறவருக்கு அது சிறு வெட்டு. 72இல் போகப் போகிறவருக்கு ஆறில் ஒரு பங்கு போய்விடும். உயர்த்துவதை எதிர்ப்பவர்களின் வாதங்களில் எனக்கு ஆகப் பலமாகப் படுவது இதுதான்.

சரி, மாமாவிடம் வருவோம். கடற்றொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் ஓய்வூதியத் திட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. விவசாயிகளுக்கு 1987இல் சட்டம் வந்தது, மீனவர்களுக்கு 1990இல். சந்தா கட்டிப் பதிந்தவர்களுக்கு வயதான காலத்தில் மாதாமாதம் ஒரு தொகை. நல்ல எண்ணம்தான், ஆனால் கட்டிய சந்தா சிறியது, கொடுப்பதாகச் சொன்ன வாக்கு பெரியது. நிதி வற்றி, 2012இல் விவசாயிகள் ஓய்வூதியம் நின்றே போனது. 2014இல்தான் மீண்டும் தொடங்கியது. சம்மாந்துறையிலும் செங்கலடியிலும் பதிந்த துண்டைப் பையில் வைத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்கு ஏறி இறங்கிய வயோதிபர்கள் உண்டு. மாமா மீனவர் திட்டத்தில் சேரவில்லை. பங்குக்கு வலை இழுப்பவருக்கு இன்றைக்குப் பட்ட மீனில்தான் இன்றைய அரிசி. சந்தாவுக்கு என்று எதை ஒதுக்குவார்?

அப்படிப் பார்த்தால் அவருக்கு மிஞ்சுவது முதியோர் கொடுப்பனவு மட்டும். நெடுங்காலம் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது, 2024இல் 3,000, 2025இல் 5,000. தொகை கூடியிருக்கிறது, நல்லது. வயது 70 அப்படியே நிற்கிறது. 1889இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி வைத்த அதே 70.

60இல் முதியோர் அட்டை கொடுத்து, பத்து வருடம் கழித்துத்தான் முதியோர் காசு கொடுக்கிறோம். இடையில் அந்த மனிதர் என்ன செய்வார்? கடலுக்குப் போவார், வட்டைக்குப் போவார், முடியாத நாளில் மகளின் வாசலில் இருப்பார். 60ஐ 65 ஆக்கலாமா என்ற விவாதத்தில் மேசைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்குச் சம்பளத் துண்டு இருக்கிறது. சம்பளத் துண்டே இல்லாத பெருந்தொகையினருக்கு ஏற்கெனவே வயது 70 ஆகிவிட்டது, யாரும் ஊர்வலம் போகவில்லை. அரச சேவையில் மேசை வேலை செய்பவருக்கு 60ஐ மெல்ல மெல்ல, முன்கூட்டியே சொல்லி, விருப்பத்தின் பேரில் உயர்த்துவதில் எனக்கு மறுப்பில்லை. அதில் மிச்சம் வந்தால் இந்த 70ஐ 65க்கு இறக்கச் செலவழிக்கட்டும். இரண்டையும் ஒரே விவாதமாகப் பேசாதவரை அது நியாயமான விவாதமில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வயது, வயது என்று பேசுகிறோமே, அந்த வயது சரியா?

மாமாவின் அடையாள அட்டை இலக்கம் 60 என்று தொடங்குகிறது, அதாவது 1960இல் பிறந்தவர். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? அவருக்குப் பிறப்புப் பதிவு இல்லை. இளம் வயதில் அட்டை எடுக்கப் போனபோது உத்தேச வயதுச் சான்றிதழ் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அவருடைய அம்மா, என் அம்மம்மா, சாகும்வரை ஒரே கதைதான் சொன்னா: "அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில இவன் என்ர வயித்தில. தோணியில ஏத்திக்கொண்டுபோய் மேட்டில விட்டாங்க." மட்டக்களப்பை அந்த வெள்ளம் மூழ்கடித்தது 1957 டிசெம்பரில். அப்படியானால் மாமா 1958இல் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் வயதை இப்படித்தான் எண்ணுவார்கள், 57 வெள்ளத்துக்கு முன், 78 சூறாவளிக்குப் பின். அட்டைப்படி அவருக்கு 70 ஆவது 2030இல். அம்மம்மாவின் கணக்கில் 2028இல். இரண்டு வருடம், மாதம் 5,000 வீதம் பார்த்தால் 1,20,000 ரூபாய்.

உடல் 1958இல் பிறந்தது, கடதாசி 1960இல் பிறந்தது. கொடுப்பனவு கடதாசிக்குத்தான்.

இதையெல்லாம் திண்ணையில் சொல்லி முடித்தபோது மாமா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "பள்ளிக்கூட இடாப்பில என்ர பேர் கிடக்கும், மருமகன். ரெண்டாம் வகுப்பு மட்டும் படிச்சனான்" என்றார். வீட்டில் இருந்த கடதாசிகள் எல்லாம் நாவலடி வீட்டோடு சுனாமியில் போய்விட்டன. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் கடல் வந்ததுதான், ஆனால் பழைய இடாப்புகள் சிலதை மேல்மாடியில் வைத்திருந்ததாக ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சொல்கிறார். வருகிற திங்கட்கிழமை வலை இழுத்து முடிந்ததும் இரண்டு பேரும் போய்ப் பார்க்கப் போகிறோம். இடாப்பில் 58 என்று இருந்தால், அடுத்தது பிரதேச செயலகம்.